டிரைவ் ஷாஃப்ட் "டிக் டிக்" என்கிறதா? சுங்கை சிப்புட் கடைகளில் கிடைக்கும் சரக்கு, ஒரு மதிப்பீடு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று "மைவி காருக்கு டிரைவ் ஷாஃப்ட்" என்று கேட்டாலும், கவுண்டருக்குப் பின்னாலிருந்து வருகிற பதில் கேள்வி ஒன்றுதான்: "ரீகோனா, புதுசா?" ரீகோன் என்றால் பழையதைச் சரிசெய்து விற்பது. டிரைவ் ஷாஃப்ட் என்பது கியர்பாக்ஸின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு; இரண்டு முனையிலும் வளைந்து சுற்றும் ஜாயிண்ட் இருக்கும், அதை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறைதான் பூட். ஷாஃப்ட் நிஜமாகவே போய்விட்டதா, பூட் ரப்பர் மட்டும் கிழிந்திருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. பூட் மாற்றுவதற்கும் ஷாஃப்டைக் கழற்றியே ஆக வேண்டும். கூலி ஏறக்குறைய ஒன்றுதான்; ஆனால் பூட் வேலையில் நேரம் அதிகம் போகும், கை முழங்கை வரை கிரீஸ் ஆகும். போமனுக்கு, அதாவது மெக்கானிக்குக்கு, முழு ஷாஃப்டைத் தூக்கி மாட்டுவது சுலபம். சுலபம் அவருக்கு, செலவு உங்களுக்கு.

இந்த வட்டாரத்தில் கைக்கு எட்டுவது நான்கு வகை: பூட் கிட், ரீகோன் ஷாஃப்ட், வெளிக் கம்பெனிப் புது ஷாஃப்ட், ஒரிஜினல். எதற்குக் காசு கொடுக்கலாம் என்று சொல்வதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் ரீகோன் நல்லதா கெட்டதா என்று பேசுவதில் அர்த்தமில்லை.

தோட்டத்து லோரியின் அடியில் நீளமாக ஓடும் ஷாஃப்டில் இருக்கிற குறுக்கு ஜாயிண்ட் எல்லாருக்கும் தெரியும். அது வளைந்து சுற்றும்போது வேகம் சீராக இருக்காது. 40 பாகை வளைத்து, ஒரு பக்கம் நிமிடத்துக்கு 100 சுற்று கொடுத்தால், மறுபக்கம் 77-க்கும் 131-க்கும் இடையே ஏறி இறங்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை. லோரியில் இரண்டு ஜாயிண்டை ஒரே கோணத்தில், ஒரே நேர்வரிசையில் மாட்டினால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டிவிடும். முன்சக்கரம் இழுக்கிற காரில் இந்தக் கணக்கு உதவாது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் சக்கரம் 40 பாகை அளவுக்குத் திரும்புகிறது, அந்தக் கோணமோ நொடிக்கு நொடி மாறுகிறது. குறுக்கு ஜாயிண்டைப் போட்டால் ஸ்டீயரிங் கையில் உதைக்கும்.

இதற்கு வழி கண்டவர் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெசெப்பா, 1920-களில். உள்வளையம், வெளிவளையம், இரண்டிலும் ஆறு பள்ளம், ஆறு குண்டு, குண்டுகளைப் பிடித்து நிறுத்தும் ஒரு கூடு. இரண்டு ஷாஃப்டும் எந்தக் கோணத்தில் நின்றாலும், அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே ஆறு குண்டும் நிற்க வேண்டும். நின்றால் இரண்டு பக்க வேகமும் ஒன்றாகிவிடும். அதற்காக உள்வளையப் பள்ளத்தின் வளைவு மையத்தை ஒரு பக்கமும், வெளிவளையத்தின் மையத்தை மறுபக்கமும், ஜாயிண்ட் மையத்திலிருந்து சம தூரம் தள்ளி வைத்திருப்பார்கள். பள்ளங்கள் ஆப்பு போலக் குறுகி, குண்டுகளைத் தானாகவே அந்தப் பாதித் தளத்துக்குத் தள்ளும். 1959-இல் வந்த மினி காரில் இந்த வகை ஜாயிண்ட் பெருமளவில் இறங்கியது. 1985-இன் சாகா, 1994-இன் கஞ்சில், 2005-இன் மைவி என்று நம் ஊர் வாசலில் நிற்கும் முன்சக்கர இழுவைக் கார்களின் சக்கரப் பக்க ஜாயிண்ட், அதாவது அவுட்டர், எல்லாம் இதன் வாரிசுதான்.

கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் இன்னர் ஜாயிண்ட் வேறு சாதி. பெரும்பாலும் டிரைபாட்: மூன்று கை, ஒவ்வொரு கையிலும் ஊசி பேரிங்கில் சுற்றும் ஓர் உருளை, அவை ஓடுவதற்கு மூன்று நேர்ப் பள்ளம் வெட்டிய ஒரு கிண்ணம். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஷாஃப்டின் நீளம் மாற வேண்டுமே, அந்த நீளத்தை உள்ளே வெளியே நழுவிக் கொடுப்பது இதுதான். வளைவு அவுட்டரில் பாதி அளவுதான் தாங்கும், ஆனால் நழுவும்.

குண்டு, பள்ளம், கூடு எல்லாம் கடினப்படுத்திய எஃகு. அவற்றின் நடுவே இருக்க வேண்டியது கிரீஸ் மட்டும். நல்ல கிரீஸோடு, கிழியாத பூட்டோடு இருக்கும் ஜாயிண்ட் பல கார்களில் எஞ்சினுக்குச் சமமாக உழைத்துவிடுகிறது. முதலில் சாவது பூட்தான். அதைக் கவனிக்காமல் விட்டால்தான் ஜாயிண்ட் போகும். தோட்டச் சாலையில் பூட்டுக்கு எதிரிகள் அதிகம்: வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள், வேலிக் கம்பித் துண்டு, மழையில் குழம்பி வெயிலில் காய்ந்து பூட்டின் மடிப்புக்குள் கெட்டியாகிப் போகும் செம்மண். காய்ந்த மண் மடிப்பில் இருக்க, சக்கரம் ஒடிய ஒடிய அது ரப்பரை உள்ளிருந்து அராவுவது போல அறுக்கும். கிழிந்த பிறகு ஷாஃப்டின் சுழற்சியே கிரீஸை வெளியே வீசிவிடும். அந்த இடத்தில் செம்மண்ணும் தண்ணீரும் போய் உட்காரும்.

இப்போது சரக்குக்கு வருவோம்.

பூட் கிட்: இருப்பதிலேயே காசுக்கு அதிகம் உழைப்பது இதுதான், ஒரு நிபந்தனையோடு. பூட் கிழிந்து, ஆனால் ஓசை இன்னும் வராத வண்டிக்கு மட்டும். கிழிசலுக்குள் விரல் விட்டு மிச்சமிருக்கும் கிரீஸை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று கறுப்பாக இருந்தால் ஜாயிண்டைக் காப்பாற்றலாம். நறநறவென்றால், காபி நிறத்தில் தண்ணீர் கலந்து இருந்தால், கழற்றிக் கழுவிப் பள்ளத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. கழுவிய பின் பள்ளத்தில் நகம் தடுக்குகிற குழியோ, கூட்டின் ஜன்னலில் குண்டு ஆடுகிற இடைவெளியோ தெரிந்தால் புது பூட் போடுவது வீண்.

உள்ளூர்க் கார்களுக்கு உள்ள கிட் பெரும்பாலும் ஐம்பது வெள்ளிக்குள் அடங்கும். பூட், ஒரு கிரீஸ் பொட்டலம், பெரிய கிளிப் ஒன்று, சின்னது ஒன்று. பூட்டில் இரண்டு வகைப் பொருள் பார்க்கலாம். மெத்தென்று கையில் மடங்குவது குளோரோபிரீன் ரப்பர். கொஞ்சம் விறைப்பாக, பிளாஸ்டிக் போல மினுங்குவது தெர்மோபிளாஸ்டிக். வெளிப்பக்கத்துக்கு விறைப்பானதே மேல்: முள்ளுக்கும் கல்லுக்கும் தாக்குப் பிடிக்கும், வேகமாகச் சுற்றும்போது பலூன் மாதிரி ஊதாது. ஆனால் அதற்குக் கிளிப்பின் இறுக்கம் அதிகம் வேண்டும். காது வைத்த ஸ்டீல் கிளிப்பை அதற்குரிய குறடால் நெரித்தால்தான் நிற்கும். கேபிள் டை போட்டுக் கொடுக்கிற வொர்க்‌ஷாப்பில் வண்டியை விடவே வேண்டாம். ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்பும் கூடாது. அதன் திருகுத் தலை ஒரு பக்கம் கனம், சுற்றும்போது அருகில் இருப்பதில் இடிக்கவும் செய்யும்.

கூம்பு வைத்து இழுத்து மாட்டுகிற ஸ்ட்ரெச் பூட் இப்போது நிறையக் கடைகளில் தொங்குகிறது. ஜாயிண்டைக் கழற்ற வேண்டியதில்லை என்பதுதான் அதன் கவர்ச்சி. பல வண்டிக்கும் ஒரே அளவு என்பதால் மடிப்பு எந்த வண்டிக்கும் துல்லியமாகப் பொருந்தாது. ஸ்டீயரிங் முழுதாக ஒடிந்தால் மடிப்போடு மடிப்பு உரசும். அவசரத்துக்கு ஏற்கலாம். நடுவில் பிளந்து, பசை போட்டு ஒட்டுகிற பூட் என்று ஒன்று உண்டு. கிரீஸ் ஒரு சொட்டு பட்டாலும் பசை பிடிக்காது. கிரீஸ் படாமல் இந்த வேலையைச் செய்த மனிதர் பிறந்திருப்பாரா என்பது சந்தேகம். தவிர்க்கலாம்.

கிரீஸ் விஷயத்தில்தான் நம் ஊரில் அதிகம் தப்பு நடக்கிறது. அவுட்டருக்கு வேண்டியது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ். குண்டு பள்ளத்தில் உருள்வதோடு வழுக்கவும் செய்கிறது. அந்த அழுத்தத்தில் சாதாரண கிரீஸ் படலம் கிழியும்போது உலோகத்தைக் காப்பது மாலிப்டினம்தான். டிராக்டருக்கு அடிக்கிற வாளி கிரீஸை அள்ளி அப்பினால் சில மாதம் சத்தமில்லாமல் ஓடும், பிறகு பேசத் தொடங்கும். இன்னருக்குப் பல கம்பெனிகள் வேறு வகை கிரீஸ் தருகின்றன. கிட்டில் இரண்டு பொட்டலம் இருந்தால் மாற்றிப் போடக் கூடாது, பழையதை முழுக்கத் துடைக்காமல் புதியதைச் சேர்க்கவும் கூடாது. அடிப்படை வேறான கிரீஸ்கள் கலந்தால் இளகி ஓடிவிடும். அளவு, சின்ன காரின் அவுட்டருக்குச் சுமார் 80 முதல் 120 கிராம். பாதியைக் குண்டுகளுக்கு நடுவே அழுத்தி ஏற்ற வேண்டும், மீதியை பூட்டுக்குள் விட வேண்டும். "நிறையப் போடுங்க அண்ணே" என்று கேட்டு வாங்கிக்கொள்வதில் லாபமில்லை. நிரம்பி வழிந்தால் பூட் ஊதிக் கிளிப்பைத் தள்ளும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. பூட் உட்காரும் பள்ளத்தில் கிரீஸ் ஒட்டியிருக்கக் கூடாது. சின்ன வாய் ஷாஃப்டிலுள்ள பள்ளத்தில் சரியாக விழ வேண்டும். கிளிப்பை நெரிக்கும் முன், மழுங்கிய ஸ்குரூ டிரைவரை உதட்டுக்குள் லேசாக நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை விட வேண்டும். விடாவிட்டால் பூட் உப்பியோ உறிஞ்சிக்கொண்டோ நிற்கும். டொயோட்டா வழி வந்த பல ஷாஃப்ட்களில் அவுட்டர் ஜாயிண்ட் ஷாஃப்டை விட்டுக் கழறாது. அங்கே அவுட்டர் பூட்டை மாற்ற இன்னரைப் பிரித்து அந்தப் பக்கமாகத்தான் பூட்டை ஏற்ற வேண்டும். சுத்தியலால் அவுட்டரை அடித்துக் கழற்ற முயல்கிறவரைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். மூன்று கை டிரைபாடைக் கழற்றும் முன் ஷாஃப்ட், டிரைபாட், கிண்ணம் மூன்றிலும் பெயிண்டால் குறி வைக்க வேண்டும், பஞ்ச் உளியால் குத்தக் கூடாது. திரும்ப மாட்டும்போது ஸ்னாப் ரிங் புதிதாகப் போட வேண்டும். நீளமான ஷாஃப்டின் நடுவே ரப்பர் வளையம் போல ஒரு டேம்பர் இருந்தால், கழற்றுவதற்கு முன் அதன் இடத்தை அளந்து வைக்க வேண்டும்.

ஓசை வந்துவிட்ட வண்டிக்கு பூட் கிட் வாங்காதீர்கள். ஓசைதானா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். காலியான திடலில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதித்து வட்டமடித்தால் "டிக் டிக் டிக்" என்று வேகத்தோடு ஏறுவது அவுட்டர். நேராக ஓடும்போது, வேகம் கூட்டினால் மட்டும் வண்டி நடுங்கி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் இன்னர் டிரைபாட். தேய்ந்த உருளை ஒவ்வொரு சுற்றிலும் மூன்று தடவை ஷாஃப்டைத் தள்ளும். 175/65-14 டயர் போட்ட வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரம் நொடிக்கு 9 தடவை சுற்றும். அப்படியானால் நடுக்கம் நொடிக்கு 27. சக்கர பேலன்ஸ் குறையால் வரும் ஆட்டம் நொடிக்கு 9 தான், எண்ணெயை விட்டாலும் நிற்காது. இது தெரியாமல் பேலன்சிங், அலைன்மெண்ட் என்று காசைக் கரைத்தவர்கள் நிறையப் பேர். வேகத்தோடு சேர்ந்து "ஊம்" என்று இழுத்தால் சக்கர பேரிங். கியர் மாற்றும்போது ஒரு "டக்" என்றால் இன்னராகவும் இருக்கலாம், எஞ்சின் மவுண்டாகவும் இருக்கலாம். மவுண்டை முதலில் பாருங்கள்.

ரீகோன் ஷாஃப்ட்: இங்கே அதிகம் விற்பது இதுதான். நூறு வெள்ளிக்கு மேல், பெரும்பாலும் இருநூறுக்குள். பழைய ஷாஃப்டைக் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். எவ்வளவு குறையும் என்பதை மாட்டுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். கறுப்புப் பெயிண்ட், புது பூட், பளபளக்கும் கிளிப். பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே மூன்று விதம்.

முதல் விதம் கழுவல் ரீகோன். ஹாஃப் கட்டில், அதாவது வெட்டி இறக்குமதி செய்த பழைய பாதி வண்டியில், வந்ததைக் கழுவி, கிரீஸ் போட்டு, பெயிண்ட் அடித்தது. எவ்வளவு ஓடிய ஜாயிண்ட் என்பது விதியின் கையில். இரண்டாவது, இடவல மாற்றம். வண்டி முன்னோக்கி ஓடும்போது குண்டு பள்ளத்தின் ஒரு சுவரை மட்டும்தான் அழுத்தும். அந்தச் சுவர் தேய்ந்திருக்கும், எதிர்ச்சுவர் புதிதாகவே இருக்கும். இடது ஜாயிண்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினால் தேயாத சுவர் வேலைக்கு வரும். இது ஏமாற்று இல்லை, புத்திசாலித்தனம்தான். சொல்லிவிட்டுச் செய்தால் சரி. ஆனால் ரிவர்ஸில் ஏற்றம் ஏறும்போது பழைய ஓசை எட்டிப் பார்க்கும். மூன்றாவது, பள்ளத்தைத் தீட்டி, மயிரிழை பெரிய குண்டு போடுவது. கேட்க நன்றாக இருக்கும். பள்ளத்தின் கடினத் தோல் மெல்லியது. தீட்டும்போது அதில் ஒரு பங்கு போய்விடும், மிச்சம் எவ்வளவு என்று கண்ணால் தெரியாது. கூட்டின் ஜன்னலையும் பெரிய குண்டுக்கு ஏற்பத் தீட்ட வேண்டும், கூடு பலம் குறையும். தோல் முடிந்த இடத்தில் தேய்மானம் படுவேகம்.

கடையில் இது எந்த விதம் என்று கேளுங்கள். "எல்லாம் நல்ல சாமான்தான்" என்பது பதில் ஆகாது. கையில் வாங்கி, ஒரு முனையை உடன் வந்தவரைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இடமும் வலமும் முறுக்குங்கள். லொடலொட என்று ஆடினால் திருப்பிக் கொடுங்கள். அவுட்டரை முழு வளைவுக்கும் சுற்றிப் பாருங்கள், எந்த இடத்திலும் படி இடறக் கூடாது. கியர்பாக்ஸ் ஆயில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். அங்கே கோடு தடுக்கினால் புது சீல் போட்டாலும் எண்ணெய் கசியும். பெயிண்டுக்கு அடியில் துரு அரித்த மேடு பள்ளம் தெரிகிறதா என்றும் பாருங்கள். என் கணிப்பில், இரண்டு மூன்று வருடத்தில் கைமாறப் போகிற பழைய வண்டிக்கு ரீகோன் நியாயம். தினமும் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வரும் வண்டிக்கு வேண்டாம்.

வெளிக் கம்பெனிப் புது ஷாஃப்ட் ரீகோனை விட விலை கூடும், ஒரிஜினலை விட நன்றாகக் குறையும். ஓசை வந்த வண்டிக்கு என் ஓட்டு இதற்கே. ஜிகேஎன், என்டிஎன் மாதிரி கார் கம்பெனிகளுக்கே ஜாயிண்ட் செய்து கொடுக்கும் பெயர்களின் பெட்டி கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்கும் பிராண்ட் எதுவானாலும் பழைய ஷாஃப்டைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் கிடத்தி ஒப்பிட வேண்டும்: இரண்டு முனையிலும் பற்களின் எண்ணிக்கை, முழு நீளம், சீல் இடத்தின் விட்டம், ஏபிஎஸ் வளையம் இருந்தால் அதன் பற்கள். ஏபிஎஸ் பல் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்தச் சக்கரத்தின் வேகத்தைக் கணினி தப்பாகக் கணக்கிடும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஆட்டோ கியர் வண்டிக்கும் மேனுவல் கியர் வண்டிக்கும் நீளம் வேறாக இருக்கலாம், "மைவி" என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. ஒரிஜினல் எடுக்க வசதி உள்ளவர்கள் எடுக்கலாம், குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர.

கூலி வேலையில் பார்க்க வேண்டியது, ஷாஃப்டைச் சக்கர ஹப்பில் இறுக்கிப் பிடிக்கும் ஹப் நட். புதிது போட வேண்டும், டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சின்ன கார்களில் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். சரியான எண் அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். இம்பேக்ட் கன்னால் "டர்ர்" என்று விட்டு எழுந்து போகிறவர் சக்கர பேரிங்குக்கும் சேர்த்து வேலை வைக்கிறார். நட் இறுகாமல் வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கக் கூடாது, பேரிங் கெடும். கழற்றும்போது அவுட்டர் பக்கத்தைப் பிடித்து ஷாஃப்டை இழுக்கக் கூடாது. டிரைபாட் கிண்ணத்தை விட்டு உள்ளுக்குள்ளேயே கழன்றுவிடும், பூட் மூடியிருப்பதால் தெரியாது. இன்னரை கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். அப்போது எண்ணெய் கொட்டும். கீழே தட்டு வைத்து, கொட்டிய அளவுக்கு அதே வகை எண்ணெயைத் திரும்ப ஊற்றி அளவு பார்ப்பவரே நல்ல போமன். ஆயில் சீலையும் அதோடு மாற்றிவிடுவது மேல், சில வெள்ளிக் காசுதான். ஷாஃப்டின் கியர்பாக்ஸ் முனையிலுள்ள கிளிப் புதிதாக, அதன் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி செருகி, "க்ளிக்" என்று உட்கார்ந்ததும் கையால் கிண்ணத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். வரக் கூடாது.

கடைசியாக, 4x4 ஹைலக்ஸ் வைத்திருக்கும் தோட்டக் கங்காணிகளுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும். உயர்த்திய சஸ்பென்ஷன் அழகுதான். ஆனால் இரண்டு அங்குலம் ஏற்றியதும் முன் ஷாஃப்ட் நேர்க்கோட்டில் ஓடும்போதே வளைந்து நிற்கிறது. இன்னர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி, மேலே இருந்து பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில் அறுந்துவிடும். சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இல்லாத வண்டியில் 2 சக்கர இழுவையில் ஓட்டினாலும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், பூட் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஏற்றத்தான் வேண்டும் என்றால் முன் டிஃபரென்ஷியலைக் கீழே இறக்கும் ஸ்பேசரையும் சேர்த்துப் போடுங்கள். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் நான்கு பூட்டையும் தண்ணீர் அடித்துக் கழுவி, மடிப்பை விரித்து, டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் உட்புற ரிம்மில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் அன்றைக்கே பூட் கிட் வாங்கிவிடுங்கள்.